மூன்று மாடிக்கு எவ்வளவு மண்

சிம்டிங்,
கார்த்திகை 14

அன்புத் தங்கை மெந்தோவுக்கு அண்ணன் சங்லால் எழுதுவது. நானும் உன் அண்ணியும் நோய் நொடி இல்லாமல் இருக்கிறோம். உனக்கு அங்கே சளி, இருமல் ஒன்றும் இல்லையே? காத்மாண்டுப் புழுதியைப் பற்றி இங்கே வருகிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. தசரா லீவு முடிந்து மாப்பிள்ளை கத்தாருக்குப் போய்ச் சேர்ந்தாரா?

என் காது அப்படியேதான் இருக்கிறது. நீ போனில் கூப்பிட்டதாக அண்ணி சைகையில் சொன்னாள். எனக்குப் போன் வேண்டாம் அம்மா. நீ சொல்வதை அவள் கையால் காட்டி, நான் வேறொன்றாகப் புரிந்துகொண்டு, கடைசியில் வீட்டில் சண்டைதான் மிச்சம். கடிதமே எழுது. செவ்வாய்க்கிழமை ஜீப்பில் கொடுத்தால் வந்து சேர்ந்துவிடுகிறது.

விஷயம் இதுதான். வீடு கட்டப் போகிறேன். நிலம் ஆடி வீடு இடிந்ததிலிருந்து ஒன்றரை வருடம் தகரக் கொட்டகையில் காலம் தள்ளியாயிற்று. கல் வீடு இனி வேண்டாம். தலையில் விழுந்த ஒரு கல்லே போதும். நீ போன வருடம் பள்ளிக்கூடம் கட்டினாயே, சாக்கில் மண்ணை நிரப்பி, வரிசையாக அடுக்கி, நடுநடுவே முள்கம்பி போட்டு, அதே மாதிரி. பிறகு வந்த ஆட்டங்களில் அதில் ஒரு கீறல் கூட விழவில்லை என்று எழுதியிருந்தாய்.

தரையோடு சேர்த்து மூன்று மாடி. பக்கத்துக் கொட்டகை வாங்கெல் இதைக் கேட்டுவிட்டு என் கழுத்தில் தொங்கும் சிலேட்டை இழுத்து எழுதினான்: "என்னடா, வீடு கட்டறியா, உருளைக்கிழங்கு அடுக்கறியா?" அவன் அப்படித்தான்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். மூன்று மாடிக்கு எவ்வளவு மண் வேண்டும்? கணக்குப் போட்டு எழுது. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.
அண்ணன் சங்லால்


காத்மாண்டு,
மார்கழி 2

அண்ணனுக்கும் அண்ணிக்கும் மெந்தோ வணங்கி எழுதுவது. எனக்குச் சளி இல்லை. சாப்பாடுதான் சில நாளாகப் பிடிக்கவில்லை, வேறொன்றும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், உங்களை விசாரித்தார். அண்ணியின் முழங்கால் குளிரில் எப்படி இருக்கிறது? ஜீப்பில் ஒரு தைலம் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

மண் மூட்டை வீடு என்று படித்ததும் சந்தோஷப்பட்டேன். மூன்று மாடி என்றதும்தான் திக்கென்றது. தரைத்தளத்துக்கு மேல் மூட்டையில் யாரும் கட்டுவதில்லை அண்ணா. அந்தச் சுவர் தன் கனத்தால் நிற்கிறது. உயரம் ஏற ஏற அதே கனம் அடியில் உள்ள மூட்டையைப் பிதுக்கிவிடும். மேலே ஓர் அறை கட்டாயம் வேண்டுமென்றால் மூங்கிலும் தகரமும் வைத்து லேசாக எழுப்பலாம்.

இரண்டு அறை வீட்டுக்கு எண்ணூறு மூட்டை போதும். முதல் மூன்று வரிசைக்கு மண் வேண்டாம், சரளை நிரப்புங்கள். ஒவ்வொரு வரிசையையும் திமிசுக்கட்டையால் இடித்துச் சமப்படுத்தி, இரண்டு இழை முள்கம்பி ஓட்டுங்கள். பத்தடிக்கு ஒரு முட்டுச் சுவர். மேலே சுற்றிலும் சிமென்ட் பெல்ட். வெயில் பட்டால் சாக்கு நாராகிவிடும், அதனால் உடனே பூசிவிட வேண்டும். மண்ணைக் கையில் உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்தால் நல்ல மண்.

நீங்கள் கேட்டதற்காக மூன்று மாடிக்கும் கணக்குப் போட்டேன். அடிச்சுவரை இரட்டை அகலமாக வைத்தால் மூவாயிரத்து ஐந்நூறு மூட்டை. இது கணக்கு மட்டும்தான், கட்டுவதற்கு இல்லை.

இன்னொன்று. நம் பெண் தாவாவுக்குக் கேவாச் சடங்கு செய்ய லாமாவிடம் பேசினீர்களா? மண்சரிவில் உடம்பு கிடைக்காத பிள்ளைகளுக்கு அவர்கள் போட்ட துணியை வைத்தே சடங்கு செய்து அனுப்பிவைக்கலாம் என்று இங்குள்ள லாமாக்களும் சொல்கிறார்கள். அண்ணியும் கொஞ்சம் ஆறுவார்.

பதில் போடுங்கள்.
மெந்தோ


சிம்டிங்,
மார்கழி 25

மெந்தோவுக்கு அண்ணன். இருவரும் சௌக்கியம். தைலம் வந்தது. உனக்கு ஏன் சாப்பாடு பிடிக்கவில்லை? கேழ்வரகு மாவு அனுப்புகிறேன், களி கிண்டிச் சாப்பிடு.

மூவாயிரத்து ஐந்நூறு. இதைத்தான் கேட்டேன். கொட்டகைத் தகரத்தில் கரியால் எழுதி வைத்துவிட்டேன்.

வேலை ஆரம்பித்துவிட்டது. கடைத்தெருவில் காலி அரிசிச் சாக்கு நானூறு வாங்கினேன். வாங்கெல் மூன்று நாள் கூட வந்து தூக்கினான். நான்காம் நாள் எந்த இடத்தில் மண் எடுக்கிறேன் என்று பார்த்துவிட்டு, சாக்கைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். போகட்டும். அவனுக்கு இடுப்பு வலி.

நீ சொன்னபடி உருண்டை போட்டுப் பார்த்தேன், மூன்று துண்டாக உடைந்தது. ஒரு நாளைக்கு முப்பது மூட்டை நிரப்புகிறேன். இன்னும் கூட நிரப்பலாம், சலிப்பதில்தான் நேரம் போகிறது. முதலில் பெரிய சல்லடை, பிறகு உன் அண்ணியின் தானியச் சல்லடை. கூடை கூடையாக உட்கார்ந்து சலிக்கிறோம்.

அடிச்சுவரை இரட்டை அகலத்துக்குப் பதில் மூன்று மடங்காக வைத்தால் இன்னும் எத்தனை மூட்டை பிடிக்கும்? எழுது.

அண்ணி உன்னைக் கேட்டாள்.
சங்லால்


காத்மாண்டு,
தை 12

அண்ணனுக்கு வணக்கம். கேழ்வரகு மாவு கிடைத்தது, தினமும் காலையில் அதுதான் இறங்குகிறது. உங்கள் இருவர் உடம்பும் நலமாக இருக்கட்டும்.

நான் கோபமாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள். மூட்டைக்கு யாராவது மண்ணை இரண்டு தரம் சலிப்பார்களா? பெரிய கல்லைப் பொறுக்கினால் போதும், சின்னக் கல் இருந்தால்தான் சுவருக்கு நல்லது. அண்ணியின் தானியச் சல்லடையில் சலித்து எடுத்தால் மாவு மாதிரி ஆகிவிடும். அந்தச் சுவர் நிற்காது. இது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது, சின்ன வயதில் எனக்குச் சுவர் வைக்கச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

இதுவரை இரண்டு கடிதம் எழுதியிருக்கிறீர்கள். கதவு எந்தப் பக்கம், அடுப்பு எங்கே, ஜன்னல் எத்தனை என்று ஒரு வார்த்தை இல்லை. வீடு கட்டுகிறவர்கள் முதலில் அதைத்தான் பேசுவார்கள். நீங்கள் மண்ணையே கேட்கிறீர்கள். வாங்கெல் அண்ணன் எந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் போனார்? மண் எங்கே எடுக்கிறீர்கள்?

கேவா பற்றியும் பதில் இல்லை.

கணக்கு ஒன்றும் போட மாட்டேன். முதலில் இதற்குப் பதில் எழுதுங்கள்.
மெந்தோ


சிம்டிங்,
மாசி 21

மெந்தோவுக்கு. பதில் தாமதமாகிவிட்டது. கையில் கொப்புளம், எழுத வரவில்லை. இப்போது ஆறிவிட்டது. உன் உடம்பு தேறியதா?

அறை கேட்டாய். கீழே அடுப்பு. நடுவில் நாங்கள். மேலே நீ வந்தால் தங்க ஓர் அறை. கதவு கிழக்குப் பக்கம். போதுமா?

மண் கீழேயிருந்துதான் எடுக்கிறேன்.

லோசார் வருடப்பிறப்பு வந்துபோனது. நாங்கள் கொண்டாடவில்லை. வாங்கெல் மனைவி சிரிங்மோ ஒரு தட்டு இறைச்சி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அண்ணி ஒரு வாயும் தொடவில்லை.

போன வாரம் சல்லடையில் ஆட்டு மணி ஒன்று கிடைத்தது. நாக்குப் போயிருந்தது. துடைத்து வைத்திருக்கிறேன்.

இது வரை ஆயிரத்து முந்நூறு மூட்டை.
சங்லால்


காத்மாண்டு,
பங்குனி 9

அண்ணிக்கு மெந்தோ வணக்கம். பள்ளிக்கூட மாஸ்டர் இதைப் படித்துக்காட்டுவார், அவரிடமே பதில் சொல்லி எழுதச் சொல்லுங்கள். முழங்கால் தேவலையா?

அண்ணன் எழுதியதில் ஆட்டு மணி என்று ஒரு வரி வந்தது. நம் வீட்டில் ஆடு கட்டியிருந்த இடம் ஒன்றே ஒன்றுதான், ஓடைக்கரைக் கொட்டகை. அது இருந்த இடத்தில் இப்போது முப்பது அடி சரிவு மண். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை.

அண்ணன் அந்தச் சரிவைத்தான் தோண்டுகிறாரா? தாவாவைத் தேடித்தான் தோண்டுகிறாரா? அப்படியென்றால் நீங்கள் ஏன் தடுக்கவில்லை?

நேரில் வரத்தான் வேண்டும். வர முடியாத நிலையில் இருக்கிறேன். காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

உங்கள் மெந்தோ


சிம்டிங்,
பங்குனி 27

பள்ளிக்கூட மாஸ்டர் கேதார் எழுதுகிறேன். உங்கள் அண்ணி புத்திமாயா சொல்லச் சொல்ல, அவர் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.

மெந்தோ, நல்லா இருக்கியாம்மா? தைலம் போட்டேன், முழங்கால் பரவால்ல. நீ நேராக் கேட்டே, நானும் நேராச் சொல்றேன். ஆமா. அங்கதான் தோண்டறாரு.

அன்னைக்கு நடந்தது உனக்கு முழுசாத் தெரியாது. சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. மேலூர்ல கல்யாணம். தாவா அங்க போகணும்னு காலையிலேயே தலை சீவி ரிப்பன் கட்டிட்டா. பதிமூணு வயசுப் பொண்ணு, ஆசை இருக்காதா? உங்க அண்ணன்தான், "முதல்ல ஆட்டை அவுத்து மேய்ச்சலுக்கு விட்டுட்டு வா, அப்புறம் எங்க வேணா போ"ன்னாரு. அவ கீழ இறங்கிப் போயி அரை மணி ஆகல. நிலம் ஆடுச்சு, மலை வந்துடுச்சு. அதுக்கு மேல இப்ப சொல்ல முடியல.

வீடுன்னு சொல்றாரே, அதை நீ பார்க்கணும். கதவே கிடையாது மெந்தோ. ஜன்னல் கிடையாது. நாலு பக்கமும் சுவர், உள்ளயும் மூட்டை. ஏணி போட்டு ஏறி மேல அடுக்கறாரு. இப்ப ரெண்டாள் உயரம் இருக்கு. வெட்டின மண்ணை எங்கயாவது போடணும்ல? சர்க்கார் ஆபீஸ்காரங்க வந்து பாறையில செவப்புப் பெயிண்ட் அடிச்சு, இங்க யாரும் தோண்டக் கூடாதுன்னாங்க. "நான் தோண்டல, வீடு கட்டறேன், வீட்டுக்கு மண்ணு வேணாமா?"ன்னாரு. அவங்களும் சரின்னு போயிட்டாங்க. ஒரு மாடின்னா எண்ணூறு மூட்டையோட நிறுத்தணும். மூணு மாடின்னா யாரும் கேட்க முடியாது. அதுக்குத்தான் உன்கிட்ட கணக்குக் கேட்டது.

ஏன் தடுக்கலன்னு கேக்கறே. நானும் சலிச்சேன்டி. ரெண்டு மாசம் அவர் பக்கத்துல உக்காந்து சலிச்சேன். சல்லடையில ஏதாவது தங்கினா உயிரே நின்னுடும், ரிப்பனா இருக்குமோன்னு. எடுத்துப் பார்த்தா வேரு. மணி கிடைச்ச அன்னைக்கு அவர் மூஞ்சியைப் பார்த்தேன். சிரிச்சாரு. எனக்குப் பயம் வந்துடுச்சு. அதுக்கப்புறம் நான் போறதில்ல.

மேல மலையில வெடிப்பு விட்டிருக்கு. போன மாசம் கை நுழைஞ்சுது, இப்ப கால் நுழையுதுன்னு வாங்கெல் சொல்றான். மழையே இல்ல, ஊத்துத் தண்ணி கலங்கலா வருது. வாங்கெல் தினமும் சிலேட்டுல எழுதிக் காட்டறான், இவரு அழிச்சுடறாரு. "இவனைக் கட்டித் தூக்கணும்னா நாலு ஆம்பளை வேணும் அண்ணி, ஊர்ல இருந்த நாலு பேரும் கத்தார்ல இருக்காங்க"ங்கறான்.

நீ ஏன் வர முடியலங்கறது எனக்குத் தெரிஞ்சுபோச்சு. களி மட்டும்தான் இறங்குதுன்னு எழுதினப்பவே தெரியும். நல்லாச் சாப்பிடு. இவர்கிட்ட நான் சொல்லல.

அண்ணி


காத்மாண்டு,
சித்திரை 6

அண்ணனுக்கு மெந்தோ வணங்கி எழுதுவது. இன்னும் ஆறு நாளில் இரண்டு வருடம் முடிகிறது. இருவரும் அன்றைக்கு ஒன்றாக இருங்கள். அண்ணியைத் தனியாக விடாதீர்கள்.

எனக்கு எல்லாம் தெரியும். அண்ணியிடம் கோபப்படாதீர்கள், நான்தான் கேட்டேன்.

கேட்டதும் கணக்கை எழுதிக் கொடுத்தது நான். மூவாயிரத்து ஐந்நூறு என்ற எண்ணை என் கையால் எழுதினேன். அந்தப் பாவத்தோடு இதை எழுதுகிறேன். அண்ணா, சரிந்து வந்த மண் அங்கே சும்மா கிடக்கவில்லை. மேலே இருக்கிற மலைக்கு அதுதான் முட்டு. நீங்கள் எடுக்கிற ஒவ்வொரு மூட்டையும் அந்த முட்டிலிருந்து போகிறது. வெடிப்பு அகலமாவதும் ஊற்று கலங்குவதும் அதனால்தான். ஆனி பிறந்து மழை இறங்கினால் மலை நிற்காது. நீங்கள் மட்டும் அங்கே இல்லை. ஓடைப்பாதையில் ஊரே நடக்கிறது.

நான் வராததற்குக் காரணம் சொல்கிறேன். எனக்கு ஆடியில் குழந்தை பிறக்கும். டாக்டர் மலைப்பாதையில் ஜீப் ஏறக்கூடாது என்றுவிட்டார். இத்தனை நாள் மறைத்தேன். உங்களிடம் எந்த முகத்தோடு சொல்வது என்று தெரியவில்லை.

மண்வெட்டியை வைத்துவிடுங்கள். தாவாவின் துணியை எடுத்துக் கொடுங்கள். சடங்கைச் செய்து அவளைப் போக விடுங்கள்.

உங்கள் தங்கை


சிம்டிங்,
வைகாசி 15

மெந்தோவுக்கு அண்ணன். என் உடம்பில் ஒரு குறையும் இல்லை. உன் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்துப் படிக்க ஒரு மாதம் ஆயிற்று.

குழந்தை வருவது சந்தோஷம். நேரத்துக்குச் சாப்பிடு, கனம் தூக்காதே. ஆணோ பெண்ணோ, அதை எந்த வேலைக்கும் அனுப்பாதே.

நீ சொல்கிற முட்டு, வெடிப்பு எல்லாம் எனக்கும் தெரியும். கல்லும் மண்ணும் பார்த்து வளர்ந்தவன்தானே நான். ஆனால் நான் எழுதுவதையும் கேள். பத்து நாளைக்கு முன் ஆட்டுக் கொட்டகையின் உத்தரம் கிடைத்துவிட்டது. நான் செதுக்கி வைத்த வாதுமை மரம், என் உளி பட்ட தழும்பு அப்படியே இருக்கிறது. அங்கிருந்து கதவு எட்டடி. எட்டடிதான் மெந்தோ. அவளை நான்தான் அந்தக் கதவுக்கு அனுப்பினேன். கல்யாணத்துக்குக் கட்டிய ரிப்பனோடு போனாள். அவள் அங்கே கிடக்கும்போது, வெறும் துணியை வைத்து மந்திரம் சொல்லி, போய் வா என்று எப்படிச் சொல்வேன்? எங்கே போவாள்? அப்பன் இன்னும் வரவில்லை என்றுதானே உட்கார்ந்திருப்பாள்.

மூன்றாவது மாடி முடியப்போகிறது. மூவாயிரத்து நானூறு ஆகிவிட்டது. எட்டடிக்கு இன்னும் மண் எடுத்தாக வேண்டும்.

நாலாவது மாடிக்கு எவ்வளவு மண் பிடிக்கும்?

சங்லால்


காத்மாண்டு,
வைகாசி 28

அண்ணா, நான் நலம். அதைத் தவிர நல்லது எழுத ஒன்றும் இல்லை.

நாலாவது மாடி கிடையாது. மூன்றாவதும் கிடையாது. நீங்கள் கட்டியிருப்பது வீடே இல்லை.

உங்களைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். நடப்பது எல்லாவற்றையும் எழுதி அரசாங்க ஆபீசில் கொடுத்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னார்கள். மழைக்கு முன் போங்கள் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன். வயிற்றைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொடுத்து அனுப்பினார்கள்.

என்னை என்ன வேண்டுமானாலும் திட்டுங்கள். குழியை விட்டு மேலே வந்து திட்டுங்கள்.

மெந்தோ


சிம்டிங்,
ஆனி 5

கேதார் மாஸ்டர் எழுதுகிறேன், அண்ணி சொல்கிறார்.

மெந்தோ, ஜீப் நாளையிலேருந்து ஓடாதாம், அதான் அவசரமாச் சொல்றேன். நாலு நாளா மழை. இவர் குழியில தண்ணியை மொண்டு ஊத்திட்டுத் தோண்டறாரு. நீ எழுதினதை அவருக்குக் காட்டினேன். நாலாவது மாடி கிடையாதுங்கற இடத்துல விரலை வச்சுப் பார்த்தாரு, திருப்பிக் கொடுத்துட்டாரு.

நான் ஒரு முடிவு பண்ணிட்டேன். பதினொண்ணாம் தேதி கேவா. லாமாவுக்குச் சொல்லியாச்சு. மேட்டு வயல்ல, சரிவுக்கு அந்தப் பக்கமா வைக்கறோம். தாவாவோட பள்ளிக்கூடச் சட்டையைத் தோச்சு வச்சிருக்கேன். இவர்கிட்ட சொன்னா நடக்க விடமாட்டாரு. சடங்கு ஆரம்பிச்சதும் "நான் போயி இழுத்துட்டு வர்றேன்"னு வாங்கெல் சொல்லியிருக்கான்.

நீ பயப்படாத. வயித்துல இருக்கறது கேட்டுக்கிட்டு இருக்கும்.

அண்ணி


சிம்டிங்,
ஆடி 9

மெந்தோவுக்கு அண்ணன். பாதை இன்னும் திறக்கவில்லை. நடந்து இறங்குகிற ஒருவர் கையில் இதைக் கொடுக்கிறேன். உனக்கு மாதம் நிறைந்திருக்கும். பக்கத்தில் யாரையாவது வைத்துக்கொண்டு படி.

நான் உயிரோடு இருக்கிறேன். அண்ணியும் இருக்கிறாள். வாங்கெல் இல்லை.

ஆனி பதினொன்றாம் தேதி காலை மழை விட்டிருந்தது. அன்றுதான் கொட்டகைக் கதவு கிடைத்தது. கடப்பாரையால் நெம்பித் திறந்தேன். உள்ளே ஆடுகள் கட்டியபடியே கிடந்தன. தாவா இல்லை. மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்த்தேன். ஒரு கயிறும் அவிழ்க்கப்படவில்லை. அவள் கொட்டகைக்குப் போய்ச் சேரவே இல்லை. பாதையில் எங்கோ நின்றிருக்கிறாள். எங்கே என்று யார் சொல்ல முடியும்? அப்போதும் என் மனசு என்ன நினைத்தது தெரியுமா? பாதை முழுக்கத் தோண்ட எத்தனை மூட்டை ஆகும் என்று நினைத்தது.

நிமிர்ந்தபோது மேட்டு வயலில் புகை தெரிந்தது. ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பார்த்ததுமே புரிந்துவிட்டது. மண்வெட்டியோடு வரப்பு வழியாக ஏறினேன். லாமாவை அடிக்கத்தான் போனேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. மூங்கில் சட்டத்தில் தாவாவின் நீலச் சட்டையை மாட்டி, முன்னால் சோளப்பொரியும் முட்டையும் வைத்திருந்தார்கள். அண்ணி எழுந்து வந்து என் முன்னால் நின்றாள். அவள் வாயசைவைப் படித்தேன்.

"அப்பா சொன்னா கேளு, போன்னு நானும்தான் சொன்னேன்" என்றாள். "நீங்க மட்டும் அனுப்பல. நானும்தான் அனுப்பினேன்."

இரண்டு வருடத்தில் அன்றுதான் அதைச் சொன்னாள். நான் மண்வெட்டியைப் பிடித்தபடி நின்றேன். அப்போது எல்லோர் முகமும் மாறியது. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எனக்குப் பின்னால் பார்த்தார்கள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காலடியில் திரிகை சுற்றுவது போல ஓர் அதிர்வு மட்டும். திரும்பினேன். நான் கட்டியது நகர்ந்துகொண்டிருந்தது. சாயாமல், நின்ற நிலையிலேயே பத்துப் பன்னிரண்டு அடி போனது. பிறகு மடிந்தது. அதன் மேல் மலை வந்து உட்கார்ந்தது. ஆறு மாதம் நான் எடுத்த மண்ணை ஒரு குவளை டீ குடிக்கிற நேரத்தில் திருப்பிப் போட்டுவிட்டது.

சிரிங்மோ எழுந்து ஓடியதைப் பார்த்த பிறகுதான் கூட்டத்தில் வாங்கெல் இல்லை என்பது தெரிந்தது. என்னை அழைத்துவர ஓடைப்பாதையில் இறங்கியிருக்கிறான். கூப்பிட்டால் கேட்காத ஆளை நேரில் போய்த்தானே அழைக்க வேண்டும். நான் வரப்பில் ஏறிய நேரம் அவன் அந்தப் பக்கம் இறங்கியிருக்கிறான்.

லாமா சடங்கை நிறுத்தவில்லை. தொடங்கியதைப் பாதியில் விட்டால் அவள் இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் நிற்பாள் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார். எரித்து வழியனுப்ப, தாவாவின் பெயர் எழுதிய தாளை என் கையில் கொடுத்தார். நான்தான் நெருப்பில் வைத்தேன்.

ஊரில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் இவனுக்கு எங்கே கேட்கப்போகிறது என்று விட்டிருக்கலாம். சிலேட்டில் எழுதலாம். எழுதவும் இல்லை. சாவுக்கு வந்து தங்கியிருக்கும் வாங்கெல்லின் தம்பிகள் என்னைக் கண்டால் வேறு வழியில் போகிறார்கள்.

மறுநாள் விடிந்ததும் சிரிங்மோ மண்வெட்டியோடு வந்தாள். மேலே மலை ஈரத்தோடு தொங்குகிறது. இன்றுவரை கல் உருண்டுகொண்டுதான் இருக்கிறது. தம்பிகள் பிடித்து இழுத்தார்கள், உதறிவிட்டு வந்தாள். தோண்டாதே என்று அவளிடம் சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது?  பாதையின் குறுக்கே போய் உட்கார்ந்துகொண்டேன். மண்வெட்டிக் காம்பால் தோளில் அடித்தாள். நான் எழவில்லை. முதுகில் அடித்தாள். அடித்து ஓய்ந்து திரும்பிப் போனாள். மறுநாளும் வந்தாள். மறுநாளும் நான் அங்கே இருந்தேன். இப்படி இருபத்தேழு நாள். அண்ணி தினமும் தைலம் தடவுகிறாள்.

நேற்று அவள் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  பிறகு அவள் ஏதோ சொன்னாள். என் பக்கம் திரும்பாமல், மண்ணைப் பார்த்தபடியே சொன்னதால் வாயசைவு தெரியவில்லை. நீளமாகச் சொன்னாள். நான் சிலேட்டை நீட்டவில்லை. அவள் முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இன்றைக்கும் பாதையில் உட்காரப் போகிறேன்.

அண்ணன்